ஆன் செய்யும்போது சில நேரம் மட்டும் வாய்ஸ் ப்ராசஸர் போர்டு கரகரக்கிறது. சிப்பை மாற்றத்தான் வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். "சிப் போச்சு" என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள். சிப் செத்துப் போயிருந்தால் தினமும்தான் கரகரக்கும். ஒரு நாள் கணீரென்று பேசி, மறுநாள் தகரத்தில் மணல் கொட்டினாற்போல் இரைந்தால் முதலில் ரீசெட்டை, அதாவது ஆன் ஆகும்போது சிப்பை முதலிலிருந்து தொடங்க வைக்கிற பகுதியைப் பாருங்கள்.

எனக்கு இது திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு மாரியம்மன் கோவிலில், ஆடி மாதம் வந்தது. மைக்குக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே ஊளைச் சத்தத்தை அடக்குகிற போர்டு. கஞ்சி வார்க்கிற அன்று காலையில் ஆன் செய்தால் குழாய் ஸ்பீக்கர் முழுக்க இரைச்சல். "என்ன தம்பி, ஆத்தாளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார் நாட்டாமை. கூட்டமே சிரித்தது. விற்ற கடையில் கேட்டால் சிப்பை மாற்று, 1,800 ரூபாய் என்றார்கள். மாற்றினேன். மறுவாரம் மறுபடியும் அதே கரகர.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் 20 தடவையும் சுத்தமாக வந்தது. இரண்டு நொடியில் போட்டால் 20-க்கு 7 தடவை இரைச்சல். கோவிலிலும் அதுதான் நடந்திருக்கிறது. மும்முனைக் கரண்ட் வந்த உடனே சுற்றுவட்டாரத்து மோட்டார் எல்லாம் ஆட்டோ ஸ்டார்ட்டரில் ஒன்றாக எழும்பும், லைன் ஒரு வெட்டு வெட்டி வரும். (ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் கடைமடையில் எங்களுக்குத் தண்ணீர் எட்டுவது எப்போதோ. அதுவரை போர்வெல் மோட்டார்தான். அதைப் பேசினால் இந்தப் பதில் முடியாது.)

வோல்ட் ஏறி இறங்குவதைத் திரையில் காட்டுகிற ஸ்கோப்பை நண்பரிடம் வாங்கி வைத்துப் பார்த்தேன். சிப்பின் ரீசெட் காலில் (பின்) 47 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 10 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரும். சப்ளை 0.3 வோல்ட்டுக்கு இறங்கியும் ரீசெட் கால் 2 வோல்ட்டில் நிற்கிறது. கண்டென்சர் காலியாக நேரமே இல்லை. பெரும்பாலும் அந்தக் கால் சப்ளையில் 30 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 3.3 வோல்ட் சப்ளைக்கு ஏறக்குறைய 1 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் சிப் அதை ரீசெட் என்று எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் பாதித் தூக்கத்தில் எழுந்து, பக்கத்து மெமரியிலிருந்து ப்ரோக்ராமை ஒழுங்காக ஏற்றாமலேயே வேலையைத் தொடங்கிவிடும். ஒலி எண்களாகப் போகிற இடத்தில் ஒரு பிட் தள்ளிப் படித்தாலே பேச்சு இரைச்சலாகிவிடும்.

ரெசிஸ்டருக்குக் குறுக்கே, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற ஒரு 1என்4148 டயோடு, கோடு போட்ட முனை சப்ளை பக்கம். அவ்வளவுதான். சப்ளை விழும்போது கண்டென்சரும் கூடவே காலியாகிறது.

இன்ஜினியர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், நான் ஐடிஐ. சப்ளை 2 வோல்ட் வரை மட்டும் இறங்கித் திரும்பினால் டயோடு உதவாது, தெரியும். அதற்கு மேக்ஸ் 809 மாதிரி, சப்ளையைக் கண்காணிக்கிற ரீசெட் ஐசி போட வேண்டும். 2.93 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே ரீசெட் செய்கிற வகை கிடைக்கும், சப்ளை சரியான பிறகும் குறைந்தது 140 மில்லி நொடி பிடித்து வைத்துவிட்டுத்தான் விடும். சிப்பை ஓட்டுகிற துடிப்பான கிளாக் நிலைப்பதற்கு முன் ரீசெட் விடுபட்டாலும் இதே கரகரதான். ஆன் செய்ததும் ஒரே ஒரு 'டப்' மட்டும் கேட்டால் அது வேறு கதை, ஆம்ப்ளிஃபையரின் மியூட்டைக் கொஞ்சம் தாமதமாக எடுங்கள்.

கூலி 600 கேட்டேன். "ரெண்டு ரூபா டயோடுக்கா?" என்றார் அதே நாட்டாமை. பலனே தராத புதுச் சிப்புக்கு 1,800 கொடுத்தபோது வாயே திறக்கவில்லை. மூன்று ராத்திரி கண் விழித்ததற்கு இங்கே பில் போட முடியாது. 300 தந்தார், கூட ஒரு தூக்குக் கஞ்சி. கஞ்சி நன்றாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.