ஒயின் ருசிப்பது, கூடிச் சாப்பிடுவது, எலக்ட்ரிக் கார் ஓட்டுவது: இவற்றில் உண்மையிலேயே இன்பம் இருக்கிறதா, இல்லை எல்லாம் பந்தாவா?

கேள்வியின் கடைசிச் சொல்தான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. பந்தாவாம்.

நீங்கள் அண்மையில் ஏதோ ஒரு விருந்துக்குப் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒருத்தர் கிளாஸைச் சுழற்றிச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, "ஈரக்கல் வாசனை வருதே, கவனிச்சீங்களா?" என்று கேட்டிருப்பார். இன்னொருத்தர் கைபேசியை நீட்டி, "வாசல்ல நிக்குது பாருங்க, இங்கிருந்தே ஏசி போட்டுட்டேன்" என்று காட்டியிருப்பார். இருவருக்கும் நடுவில் தட்டோடு மாட்டிக்கொண்டு நீங்கள் பல்லைக் கடித்திருப்பீர்கள். எரிச்சல் நியாயம்தான். என்ன, எங்கள் வட்டத்தில் அந்த இரண்டு பேருமே நான்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடிக்காத யாரும் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அதோடு மல்லுக்கட்ட எனக்குத் தகுதியும் இல்லை, ஆசையும் இல்லை. "குடியைப் பெருமை பேச வந்துட்டான்" என்று கிளம்பப் போகிறவர்கள் அடுத்த பத்தியையாவது படித்துவிட்டுத் திட்டவும். ஏனென்றால் நான் ஒயினை விழுங்குவதில்லை. துப்பிவிடுவேன்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நண்பர்கள் மாதத்துக்கொரு தடவை யார் வீட்டிலாவது கூடுவோம். கார் வாங்கியதிலிருந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போவதும் திரும்ப வீட்டில் இறக்கிவிடுவதும் என் தலையில் விழுந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவன் விழுங்கக் கூடாது, அவ்வளவுதான். ருசிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் துப்பத்தான் செய்கிறார்கள். ஒரே உட்காரலில் வரிசையாகப் பல பாட்டில்களைப் பார்க்கிறவருக்கு வேறு வழியே கிடையாது. துப்பினாலும் துளி உள்ளே போகும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் ஆரம்பத்திலேயே ருசித்து முடித்துவிட்டு, பிறகு சாப்பாடு, தண்ணீர், பின்னிரவு வரை அரட்டை என்று ஆன பிறகே சாவியைத் தொடுவேன். ஒரு துளிகூடக் கூடாது என்று சட்டம் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் இதையும் செய்ய வேண்டாம்.

"துப்பிட்டா அப்புறம் என்னய்யா இன்பம்?" இந்தக் கேள்வி கேட்காத ஆள் இல்லை. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு நாக்கில் நடப்பதில்லை. வாய்க்குள் இருக்கும்போதே மணம் ஆவியாகி, தொண்டைக்குப் பின்பக்கமாக ஏறி மூக்குக்குப் போகிறது. சளி பிடித்த நாளில் எதைச் சாப்பிட்டாலும் சப்பென்று இருப்பது இதனால்தான். துப்பிய பிறகு வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விட்டுப் பாருங்கள். ஒயினின் உண்மையான நீளம், அதாவது ருசி எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது, அந்த மூச்சில்தான் தெரியும். விழுங்குகிறவருக்கு என்னைவிடக் கூடுதலாகக் கிடைப்பது போதையும் மறுநாள் தலைவலியும்.

சிவப்பு ஒயினையும் சீஸையும் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை கபர்னே சாவிஞோன் என்கிற சிவப்பு ஒயின், அதிக வருடம் ஆகாத இளசு ஒன்று வந்தது. முதல் வாயிலேயே நாக்கு வறண்டு, ஈறு இழுத்துப் பிடித்துக்கொண்டது. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கிற டானின் செய்கிற வேலை அது. எச்சிலின் வழவழப்புக்குக் காரணமான புரதங்களோடு ஒட்டி, அவற்றைச் செயலிழக்க வைத்துவிடும். உடனே நன்றாக முதிர்ந்த கெட்டிச் சீஸில் விரல்நுனி அளவு ஒரு துண்டு. கடிக்கும்போது பல்லில் நறநறவென்று வெள்ளைப் புள்ளிகள் சிக்கும். பலரும் உப்பு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது டைரோசின் என்கிற அமினோ அமிலத்தின் படிகம். சீஸ் வாயில் கரைந்து முடிவதற்குள் அதே ஒயினில் இன்னொரு வாய். துவர்ப்பு பாதியாக இறங்கிவிட்டது, அதுவரை பின்னால் ஒளிந்திருந்த கறுப்புத் திராட்சை மணம் முன்னால் வந்து நின்றது. டானினுக்கு ஒட்டிக்கொள்ள இப்போது சீஸின் புரதமும் கொழுப்பும் கிடைத்துவிட்டன, எச்சில் தப்பித்தது. நான் மேசையைத் தட்டினேன். எதிரில் இருந்தவரும் தட்டினார். இதில் பந்தா எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

"ஒயின் நிபுணர்கள் எல்லாம் டுபாக்கூர், ஆராய்ச்சியே சொல்லிடுச்சு" என்று ஒருவர் நிச்சயம் வருவார். எந்த ஆராய்ச்சி என்றும் தெரியும். 2001-இல் வெளியானது. பிரான்சின் போர்தோவில் ஒயின் தயாரிப்பு படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள். நடந்தது உண்மை. ஆனால் அதிலிருந்து எனக்குத் தெரிவது, கண் முந்திக்கொண்டு மூக்கை ஏய்த்துவிடும் என்பதுதான். மூக்குக்கு ஒன்றுமே தெரியாது என்று முடிவுகட்ட அதில் இடமில்லை. கண்ணை நம்பக் கூடாது என்றால் பாட்டிலை மூடிவைத்துவிட்டால் போகிறது. 1976-இல் பாரிஸில் அப்படி லேபிள் தெரியாமல் ருசிபார்க்க வைத்தபோது, பிரெஞ்சு நடுவர்களே சிவப்பு, வெள்ளை இரண்டிலும் கலிஃபோர்னியா ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள். எங்கள் கூட்டத்திலும் எல்லாப் பாட்டிலும் காகிதப் பைக்குள்தான் வரும். பை வந்த நாளிலிருந்து, லேபிளைப் பார்த்து விரிவுரை ஆற்றிக்கொண்டிருந்த ஒருவர் மெல்ல வாயை மூடிக்கொண்டார். நான் இல்லை, வேறொருவர்.

எங்கள் குழுவிலேயே கூர்மையான மூக்கு யாருக்குத் தெரியுமா? ஒரு சொட்டுகூடக் குடிக்காத ஒரு தோழிக்கு. அவர் முகர்ந்து பார்ப்பதோடு சரி. ஒரு வெள்ளை ஒயினை முகர்ந்துவிட்டு, "குடைமிளகாய் நறுக்கின கத்தி மாதிரி இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பையைப் பிரித்தால் சாவிஞோன் பிளாங்க் என்கிற திராட்சையில் செய்த ஒயின். பச்சைக் குடைமிளகாயில் இருக்கும் அதே பைரசின் வகைச் சேர்மம்தான் அந்தத் திராட்சையிலும் இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றில் இதை மட்டும் யாரும் பந்தா என்று சொல்லத் துணிய மாட்டார்கள். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவோம், நடுவில் வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம், தனித்தனியாகப் பரிமாறுவது கிடையாது. பாத்திரம் கைமாறும்போதுதான் பேச்சும் கைமாறும். 2025-ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கையில் கூடிச் சாப்பிடுவதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2023-இல் ஏறக்குறைய நான்கில் ஒருவர் முந்தின நாள் எல்லா வேளையும் தனியாகவே சாப்பிட்டதாகச் சொன்னாராம். படித்ததும் மனசு என்னவோ போலாகிவிட்டது. ஒரே ஒரு எச்சரிக்கை: இனிப்பைக் கடைசிக்கு வையுங்கள். இனிப்பு தின்ற வாயில் இனிப்பில்லாத ஒயினை ஊற்றினால் வெறும் புளிப்பும் கசப்பும்தான் மிஞ்சும். கொண்டுவந்தவர் முகம் வாடிவிடும்.

இப்போது கார். நடுநிசியில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போதுதான் அதன் அருமை தெரியும். இன்ஜின் சத்தம் கிடையாது, பின்சீட்டில் இருப்பவர் கிசுகிசுத்தால்கூட முன்னால் கேட்கும். மேசையில் விட்ட பேச்சு வண்டிக்குள் அப்படியே தொடரும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பிவிடும். பிரேக்கைத் தொடாமலேயே சிக்னலில் வழுக்கிக்கொண்டு வந்து நிற்கலாம். இதைப் பழகிவிட்டால், தூங்குகிறவர் தலை முன்னும் பின்னும் ஆடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு வீம்பாகவே ஆகிவிடும். பெட்ரோல் வாசனை என் வாழ்க்கையிலிருந்தே போய்விட்டது. இப்போது அது எனக்குக் கிடைப்பது வயதான ரீஸ்லிங் ஒயினில் மட்டும்தான். வேடிக்கையாகச் சொல்லவில்லை. டிடிஎன் என்றொரு சேர்மம், பாட்டிலில் வருடங்கள் ஏற ஏறக் கூடி, அப்பட்டமான பெட்ரோல் மணத்தைக் கொடுக்கும். சிலருக்கு அது பிடிக்கவே பிடிக்காது. எனக்கு உயிர்.

"கரண்ட் நிலக்கரியிலிருந்துதானே வருது? லித்தியம் எங்கே தோண்டுறாங்க தெரியுமா?" தெரியும். உங்கள் மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் கணக்கு மாறும், சுரங்கத்துக்கும் ஒரு விலை உண்டு. பூமியைக் காப்பாற்ற வாங்கினேன் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. ஓட்ட சுகமாக இருந்தது, வாங்கினேன். இன்பத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள்?

ஆனால் ஒரு ஆதங்கத்தைக் கொட்டாமல் போக முடியாது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். வேகமாக ஏற்றும் சார்ஜரில் வண்டியைச் சொருகிவிட்டு, 100 ஆகும்வரை அசையவே மாட்டேன் என்று உட்காருகிறவர்களைச் சொல்கிறேன். 80 சதவீதத்தைத் தாண்டியதும் பேட்டரி தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரம் வாங்கும் வேகத்தைக் குறைத்துவிடும். பல வண்டிகளில் 10-லிருந்து 80 வரை ஏற எவ்வளவு நேரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் மிச்சம் 20-க்கே பிடிக்கும். போன வாரம் ஒருவர் 94-இல் இருந்தார். சீட்டைச் சாய்த்துப் போட்டு, ஏசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினேன்.

"சார், ரொம்ப தூரம் போகணுமா?"

"இல்லை, வீடு பக்கத்துலதான்."

"அப்புறம் எதுக்கு சார் ஃபுல் பண்றீங்க?"

"ஃபுல்லா இருந்தா ஒரு திருப்தி."

இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்குப் பின்னால் மூன்று வண்டிகள் நின்றன, ஒன்றில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. பந்தா என்று யாரையாவது திட்ட வேண்டுமென்றால் தயவுசெய்து இவரைத் திட்டுங்கள்.

சரி, கேட்டதற்கு வருகிறேன். பந்தா துளியும் இல்லை என்று சாதிக்க மாட்டேன். கிளாஸைச் சுழற்றும்போது யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பதுண்டு. ஆனால் அடுத்த நிமிடமே எல்லார் முன்னாலும் ஒரு வாளியில் குனிந்து துப்பியாக வேண்டும். அதைக் கம்பீரமாகச் செய்த ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அடுத்த தடவை அழைத்தால் போங்கள். குடிக்கப் பிடிக்காவிட்டால் முகர்ந்து மட்டும் பாருங்கள், அந்தத் தோழி பக்கத்தில் இடம்பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கீழே வந்து "ரேஞ்ச் எவ்வளவு கொடுக்குது?", அதாவது ஒரு தடவை முழுசாக ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்கப் போகிறவர்களுக்கு: விளம்பரத்தில் போட்டிருக்கும் அளவு கொடுக்காது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து 120-க்குப் போனால் அது 44 சதவீதம் அதிகம். குளிர் நாட்களில் ரேஞ்ச் இன்னும் குறையும். 100 கி.மீ. வேகத்தில் போங்கள், 80 சதவீதம் வரை ஏற்றுங்கள், பிறகு சார்ஜரை விட்டு நகருங்கள்.