புளோயர் மோட்டார் நின்றுவிட்டதா? மாற்றுவதற்கு முன் சோதியுங்கள்: கேள்வி பதில்

ஸ்பிளிட் ஏசியில் சுவரில் மாட்டியிருக்கும் இன்டோர் யூனிட்டின் புளோயரை (காற்றை அறைக்குள் தள்ளும், இறக்கைகள் கொண்ட உருளையை)ச் சுழற்றும் மோட்டாரைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ‘மோட்டார் போய்விட்டது’ என்று கழற்றி வைக்கப்பட்ட மோட்டார்களைச் சோதித்துப் பார்த்தால் அவற்றில் பல பழுதில்லாமல் இருப்பதும், கெபாசிட்டரோ (மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் சிறு மின்பாகம்) பிசிபியோ (ஏசியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை) கெட்டதற்காக மோட்டாரின் விலையை வீட்டுக்காரர் கொடுத்திருப்பதும் எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். ஆகவே மாற்றுவதைவிடச் சோதிப்பதைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன். ரிமோட்டில் அணைத்தால் ஏசிக்குள் மின்சாரம் நின்றுவிடாது. மூடியைத் திறப்பதற்கு முன் எம்சிபியை (மின்பெட்டியில் ஏசிக்கு உள்ள பாதுகாப்பு ஸ்விட்சை) இறக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது செய்ய வேண்டிய சோதனைகளைப் பயிற்சி உள்ளவர்கள் மட்டுமே செய்ய வேண்டும்.

கேள்வி (வேளச்சேரி, வீட்டு உபயோகிப்பாளர்): ஐயா, அவுட்டோர் ஓடுகிறது, ஆனால் உள்ளே காற்று மிக மெதுவாக வருகிறது. கூலிங் காயிலில் ஐஸ் கட்டி, பிறகு தண்ணீர் சொட்டுகிறது. வந்து பார்த்த மெக்கானிக் கேஸ் குறைந்துவிட்டது என்கிறார். நம்பலாமா?

பதில்: கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும், காற்றோட்டம் குறைந்தாலும் ஐஸ் கட்டும் என்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அறையின் சூடான காற்று காயிலைக் கடந்து போனால்தான் உள்ளே திரவமாக வரும் கேஸ் (குளிரூட்டும் பொருள்) அந்தச் சூட்டை வாங்கி ஆவியாகும். புளோயர் நின்றாலோ தளர்ந்தாலோ காயிலின் வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கி, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் ஐஸாகப் படிகிறது. இந்த நிலையில் கேஜ் (அழுத்தமானி) மாட்டிப் பார்த்தால், கம்ப்ரஸர் கேஸை உள்ளிழுக்கும் பக்கத்தின் சக்‌ஷன் அழுத்தமும் குறைவாகவே காட்டும். அதைப் பார்த்துவிட்டு கேஸ் ஏற்றினால், புளோயரைச் சரிசெய்த பிறகு கேஸ் அளவுக்கு அதிகமாகிவிடும். அதன் சுமை கம்ப்ரஸர்மேல் விழும்.

கருவி எதுவும் இல்லாமல் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஏசியை அணைத்து, ஐஸ் முழுவதும் உருகும்வரை சில மணி நேரம் விட்டுவிடுங்கள். ஃபில்டரைக் கழுவி, உலர்த்தி மாட்டுங்கள். பிறகு ரிமோட்டில் ‘ஃபேன்’ மோடை மட்டும் போட்டு, வேகத்தை முழு அளவில் வையுங்கள். அந்த மோடில் கம்ப்ரஸர் ஓடாது. கேஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காற்றின் வேகத்தில் வித்தியாசம் வராது. அப்போதும் காற்று மெலிந்தே வந்தால், குறை கேஸில் இல்லை. புளோயர் வீலின் இறக்கைகளிலோ காயிலிலோ அழுக்குப் படிந்திருக்க வேண்டும், அல்லது மோட்டாரிலோ அதன் மின்சுற்றிலோ கோளாறு இருக்க வேண்டும். காற்று நன்றாக வந்து, காயிலின் ஒரு பகுதி மட்டும் குளிர்ந்து, அவுட்டோரில் மெல்லிய பைப்பின் நட்டில் ஐஸ் படிந்தால் கேஸைச் சந்தேகிப்பது நியாயம். அப்படியே குறைந்திருந்தாலும், மூடிய சுற்றில் ஓடும் கேஸ் எங்காவது கசிந்தால்தான் குறையும். கசிவு இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (திருச்சி): ஆன் செய்தால் ‘உம்’ என்று சத்தம் மட்டும் வருகிறது. குச்சியால் புளோயரைத் தள்ளிவிட்டால் ஓடத் தொடங்குகிறது. மோட்டார் மாற்ற வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். தள்ளிவிட்டால் ஓடுகிறது என்பது கெபாசிட்டர் பலவீனமாகிவிட்டதற்கான பழைய, நம்பகமான அடையாளம். முதலில் எம்சிபியை இறக்கிவிட்டு, புளோயரை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றி மெதுவாக நின்றால் பேரிங்கில் குறையில்லை. இறுக்கமாக இருந்தால் புஷ் (தண்டு சுற்றும் வளையம்) பிடித்துக்கொண்டிருக்கிறது. தடையில்லை என்றால் கெபாசிட்டரைக் கழற்றி, மின்னூட்டத்தை வெளியேற்றி, மைக்ரோஃபாரட் (கெபாசிட்டரின் கொள்ளளவு அலகு) அளக்கும் மீட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்டோர் மோட்டாருக்கு வருவது சிறிய கெபாசிட்டர்தான், 1, 1.2, 1.5, 2 மைக்ரோஃபாரட் போன்ற அளவுகளில், பெரும்பாலும் 450 வோல்ட் தாங்கக்கூடியதாக இருக்கும். மேலே அச்சிட்ட அளவிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அதே அளவில் புதியதைப் போடுங்கள். வேகம் கூடும் என்று பெரிய அளவைப் போட்டால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிக் காயில் சூடேறி, நல்ல மோட்டார் கெட்டுப்போகும். பல மாடல்களில் இது பிசிபியிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அதற்காக முழு பிசிபியை மாற்றத் தேவையில்லை. குச்சியால் தள்ளுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இறக்கை ஒன்று உடைந்தாலும் வீல் முழுவதும் அதிரத் தொடங்கும்.

கேள்வி (மதுரை, ஏசி தொழில் பழகுபவர்): அண்ணா, மல்டிமீட்டரை வைத்து மோட்டார் நல்லதா கெட்டதா என்று உறுதியாகச் சொல்வது எப்படி?

பதில்: தம்பி, இன்வர்ட்டர் இல்லாத ஸ்பிளிட் ஏசிகளில் பெரும்பாலும் இருக்கும் பிஜி என்ற வகை மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து இரண்டு கனெக்டர்கள் வரும்: மின்சாரத்துக்கான மூன்று ஒயர் கொண்ட பெரியது ஒன்று, வேகத்தை பிசிபிக்குத் தெரிவிக்கும் மூன்று ஒயர் கொண்ட சிறியது ஒன்று. மின்சாரத்தை நிறுத்தி, இரண்டையும் கழற்றிய பிறகு, பெரிய கனெக்டரின் மூன்று ஒயர்களை இரண்டிரண்டாக வைத்து ஓம் அளவைப் பார். மூன்று அளவுகள் கிடைக்கும். சிறிய இரண்டையும் கூட்டினால் பெரியது ஏறத்தாழ வர வேண்டும். ஒரு பேச்சுக்கு 200, 250 என்று இரண்டு வந்தால் மூன்றாவது 450-ஐ ஒட்டி இருக்க வேண்டும். எந்த ஜோடியிலாவது அளவே காட்டாவிட்டால் மோட்டாரின் கம்பிக் காயில் அறுந்திருக்கலாம். ஆனால் மோட்டார் சூடாக இருந்தால் உடனே தீர்ப்புச் சொல்லாதே. உள்ளே இருக்கும் வெப்பக் காப்பு சூட்டில் திறந்துகொண்டு, ஆறியதும் தானாகவே சேரக்கூடியது. முழுவதும் ஆறவிட்டு மறுபடி அளந்து பார்.

அடுத்து ஒவ்வொரு ஒயருக்கும் மோட்டாரின் உடலுக்கும், உடல் பிளாஸ்டிக்காக இருந்தால் ஷாஃப்டுக்கும் (சுற்றும் தண்டு), இடையே தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மல்டிமீட்டர் இங்கே போதாது. 500 வோல்ட் மெக்கர் (மின்கசிவுக்கு எதிரான காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்து, ஒரு மெகா ஓமுக்கும் கீழே வந்தால் அந்த மோட்டாரை மறுபடி வீட்டில் மாட்டக் கூடாது. காசு மிச்சம் என்று வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும் மாட்டாதே, ஷாக் அடிக்கும்.

பிசிபி பக்கத்தைச் சோதிக்கும்போது பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. மோட்டாரைக் கழற்றிவிட்டு வெறும் கனெக்டரில் வோல்ட்டேஜ் பார்த்தால், ட்ரையாக் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பிசிபி பாகம்) வழியாகக் கசியும் சிறிய மின்சாரமே மீட்டரில் 200 வோல்ட்டுக்கு மேல் காட்டிவிடும். ‘சப்ளை வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது’ என்ற முடிவு அங்கேதான் பிறக்கிறது. மோட்டார் இணைந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஃபேன் வேகத்தைக் கூட்டக் கூட்ட வோல்ட்டேஜ் ஏற வேண்டும். மோட்டாரின் ஓம் அளவுகள் சரியாக இருந்து, எந்த வேகத்திலும் வோல்ட்டேஜ் பூஜ்ஜியத்தை ஒட்டியே நின்றால் பிசிபியைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி (கோயம்புத்தூர்): ஆன் செய்ததும் புளோயர் வேகமெடுக்கிறது, சில நொடிகளில் நின்று, விளக்கு சிமிட்டுகிறது. மோட்டார் சுற்றத்தான் செய்கிறது, பிறகு ஏன் நிற்கிறது?

பதில்: சுற்றுகிறது என்ற செய்தி பிசிபிக்குப் போய்ச் சேரவில்லை. மோட்டாருக்குள் ஹால் சென்சார் என்று ஒரு சிறு பாகம் இருக்கிறது. ரோட்டரோடு சுற்றும் காந்தத்தை உணர்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் துடிப்புகளை அனுப்புவது அதன் வேலை. துடிப்பு வராவிட்டால் மோட்டார் சிக்கிக்கொண்டது என்று கருதி பிசிபி நிறுத்திவிடுகிறது. டெய்கினில் ஏ 6, எல்.ஜி.யில் சி.எச். 10 என்று நிறுவனத்துக்கு ஒரு குறியீடு காட்டும். சேவைக் கையேட்டில் உங்கள் மாடலுக்கானதைப் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அந்தச் சிறிய மூன்று ஒயர் கனெக்டரைக் கழற்றி, பின்களைத் துடைத்து, அழுத்திச் செருகிப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஈரம் படிந்து பின்கள் கறுத்துப்போவது நம் ஊரில் சாதாரணம். அதிலும் தீராவிட்டால், மெக்கானிக் பிசிபிக்கு மின்சாரம் கொடுத்து, மரக்குச்சியால் வீலை மெல்லச் சுற்றியபடி சிக்னல் ஒயரைப் பார்க்க வேண்டும். அது பூஜ்ஜியத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே மாறி மாறி வந்தால் சென்சார் நல்லது, பிசிபியில் குறை. மாறாமல் ஒரே இடத்தில் நின்றால் சென்சார் போய்விட்டது. பெரும்பாலான மாடல்களில் மோட்டாரோடு சேர்த்துத்தான் மாற்ற முடியும்.

இதற்கு நேர்மாறாக, ரிமோட்டில் அணைத்த பிறகும் புளோயர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தால் ட்ரையாக் ஷார்ட் ஆகியிருக்கிறது. மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி (சேலம், மெக்கானிக்): இன்வர்ட்டர் ஏசியில் ஐந்து ஒயர் மோட்டார் வருகிறது. ஓம் பார்த்தால் எதுவும் புரியவில்லை. புது பிசிபி போட்டேன், அதுவும் உடனே போய்விட்டது.

பதில்: அது பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டார். அதை இயக்கும் டிரைவர் என்ற மின்சுற்று மோட்டாருக்குள்ளேயே இருப்பதால், பிஜி மோட்டாரைப் போல ஓம் பார்த்து முடிவு செய்ய முடியாது. வழக்கமாகச் சிவப்பு ஒயரில் சுமார் 310 வோல்ட் டிசி, கறுப்பு கிரவுண்ட், வெள்ளையில் 15 வோல்ட், மஞ்சளில் வேகத்தைக் கட்டளையிடும் சிறிய வோல்ட்டேஜ், நீலத்தில் மோட்டார் திருப்பி அனுப்பும் வேகத் துடிப்பு என்று இருக்கும். நிறம் மாறக்கூடும் என்பதால் பிசிபியில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கறுப்பை அடிப்படையாக வைத்து அளக்கும்போது, 310-ம் 15-ம் சரியாக இருந்து, ஃபேன் ஆன் செய்ததும் மஞ்சளில் வோல்ட்டேஜ் ஏறி, அப்போதும் மோட்டார் அசையாவிட்டால் மோட்டார் போய்விட்டது. மஞ்சளில் எதுவுமே வராவிட்டால் பிசிபி கட்டளையே கொடுக்கவில்லை என்று பொருள்.

உங்கள் புது பிசிபி போனதற்குக் காரணம் பழைய மோட்டாராக இருக்கவே வாய்ப்பு அதிகம். உள்ளே டிரைவர் எரிந்து சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே ஷார்ட் ஆகிவிட்டால், எந்த பிசிபியைப் போட்டாலும் அது அடித்துவிடும். புது பிசிபியை மாட்டுவதற்கு முன், கழற்றிய மோட்டாரில் சிவப்பு–கறுப்பு, வெள்ளை–கறுப்பு ஆகிய இரண்டு ஜோடிகளிலும் ஷார்ட் இல்லை என்று பார்த்தே ஆக வேண்டும். மின்சாரம் இருக்கும்போது இந்தக் கனெக்டரைக் கழற்றவோ செருகவோ கூடாது; நல்ல மோட்டாரும் அந்த நொடியிலேயே போய்விடும். எம்சிபியை இறக்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். மீட்டர் வைத்து, வோல்ட்டேஜ் இறங்கிவிட்டதை உறுதிசெய்த பிறகே கை வையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): எங்களுடையது விண்டோ ஏசி. இதே சோதனைகள் பொருந்துமா?

பதில்: விண்டோ ஏசியில் இரண்டு பக்கமும் ஷாஃப்ட் நீண்ட ஒரே மோட்டார்தான் உள்ளே புளோயரையும் வெளியே ஃபேனையும் சுழற்றுகிறது. அது நின்றால் கம்ப்ரஸரும் சூடேறி ட்ரிப் ஆகும். கெபாசிட்டரைப் பார்க்கும் முறையும் விரலால் சுற்றிப் பார்ப்பதும் அப்படியே பொருந்தும்.

கேள்வி (புதுச்சேரி): ஜெட் பம்ப் வைத்து சர்வீஸ் செய்த மறுநாளே மோட்டார் நின்றுவிட்டது. தற்செயலா?

பதில்: தற்செயல் என்று சொல்ல மாட்டேன். மோட்டாரும் பிசிபி பெட்டியும் பெரும்பாலான மாடல்களில் இன்டோரின் வலது ஓரத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் பிளாஸ்டிக் உறையால் மூடாமல் தண்ணீர் அடித்தால் மோட்டாருக்குள் ஈரம் இறங்கும். உடனே ஆன் செய்யாமல், மோட்டாரைக் கழற்றி நன்றாக உலர்த்தி, மெக்கர் வைத்துத் தேறினால் மட்டும் மாட்டலாம். அடுத்த முறை சர்வீஸுக்கு வருபவர் பெட்டியைக் கழற்றுகிறாரா, மூடுகிறாரா என்பதை நின்று பாருங்கள். அது உங்கள் உரிமை.

கேள்வி (மதுரை, முன்பு கேட்டவர்): மோட்டார் கெட்டது உறுதியாகிவிட்டது. கேஸை இறக்காமல் மாற்ற முடியுமா?

பதில்: பல ஸ்பிளிட் மாடல்களில் முடியும். ஒயர் இணைப்புகளைக் கழற்றும் முன் ஃபோனில் படம் எடுத்துக்கொள். ஃபில்டர், முன் மூடி, உடல் மூடி, தண்ணீர்த் தட்டு என்ற வரிசையில் கழற்று. உடல் மூடியின் ஸ்குரூக்கள் காற்று வரும் வாய்க்கு அருகே சிறு மூடிகளுக்குள் மறைந்திருக்கும். காயிலில் செருகியிருக்கும் சென்சாரைப் பத்திரமாக உருவி, பிசிபி பெட்டியை விலக்கு. வீலின் வலது முனையில், இறக்கைகளின் இடைவெளி வழியாகத் தெரியும் ஸ்குரூதான் வீலை ஷாஃப்டோடு பிடித்திருக்கிறது. அது துருவேறி இருந்தால் சிறிது ஸ்ப்ரே அடித்துக் காத்திருந்து கழற்று. அவசரப்பட்டுத் தலையைத் தேய்த்துவிட்டால் வீலையே உடைத்து எடுக்க வேண்டிவரும். பிறகு மோட்டார் மூடியைக் கழற்றி, காயிலின் ஓர ஸ்குரூக்களைத் தளர்த்தி, காயிலை இடம் கிடைக்கும் அளவுக்கு மட்டும் மெல்லத் தூக்கு. தாமிரப் பைப் மடங்கினால் கேஸ் போய்விடும். இப்போதைய ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர் 32 கேஸ் தீப்பிடிக்கும் தன்மை கொண்டது என்பதால், அருகில் நெருப்பு எதுவும் வேண்டாம்.

புது மோட்டாரில் வாட், வேகம், சுற்றும் திசை, ஷாஃப்டின் நீளமும் தடிமனும், கனெக்டரின் பின் வரிசை ஆகிய அனைத்தும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் மோட்டாரைப் போட்டு, வேகத் துடிப்பு ஒத்துப்போகாமல் மறுபடி எரர் வருவதும் உண்டு. மாட்டும்போது ஸ்குரூ, ஷாஃப்டின் தட்டையான பக்கத்தில் உட்கார வேண்டும். வீலின் இடது முனையில் உள்ள ரப்பர் புஷ்ஷையும் அப்போதே பார்த்துவிடு. தேய்ந்திருந்தால் அதையும் மாற்று.

கேள்வி (ஈரோடு): கெட்ட மோட்டாரின் கம்பிக் காயிலைப் புதிதாகக் கட்டிப் போட்டால் செலவு குறையுமே?

பதில்: இரும்பு உடல் கொண்ட பழைய மோட்டார் என்றால், நல்ல கைக்காரர் கட்டினால் ஓடும். பிளாஸ்டிக் பிசினில் வார்த்த மோட்டாரையும் பிஎல்டிசி மோட்டாரையும் அப்படிச் செய்ய முடியாது. செலவு செய்வதற்கு முன் பில்லை எடுத்து வாரண்டியைப் பாருங்கள். கம்ப்ரஸருக்கும் பிசிபிக்கும் மோட்டாருக்கும் வெவ்வேறு காலம் எழுதியிருக்கக்கூடும்.

கேள்வி (வேளச்சேரி, முதலில் கேட்டவர்): நீங்கள் சொன்ன ஃபேன் மோடு சோதனையைச் செய்து, மோட்டாரும் மாற்றியாகிவிட்டது. காற்று நன்றாக வருகிறது. ஆனால் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் வருகிறது.

பதில்: சுற்றுக்கு ஒருமுறை சீராக வந்தால், வீலை ஷாஃப்டோடு பிடிக்கும் ஸ்குரூ தளர்ந்திருக்கிறது. உரசல் சத்தம் என்றால் வீல் ஒரு பக்கமாக நகர்ந்து உடலைத் தொடுகிறது. இரண்டு ஓரத்திலும் இடைவெளி விட்டு மறுபடி இறுக்க வேண்டும். ‘கிரீச்’ என்று இழுத்தால் இடது புஷ் வறண்டிருக்கிறது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும் என்பதால் வேண்டாம். யூனிட் முழுவதும் அதிர்ந்தால் வீலில் இறக்கை உடைந்திருக்கும், அல்லது அழுக்கு ஒரு பக்கம் மட்டும் நீங்கியிருக்கும். சத்தம் இருக்கும்போதே வேலை செய்தவரை அழைத்து, மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். புது மோட்டாரின் பேரிங்கும் அந்த அதிர்வில் தேயும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.