சிறந்த ஜேம்ஸ் பாண்ட் படம் எது? கேள்வி பதில்

கேள்வி: 1962 முதல் 2021 வரை வெளிவந்த 25 பாண்ட் படங்களில் தலைசிறந்தது எது?

பதில்: 1969-இல் வந்த 'ஆன் ஹர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்'. ஷான் கானரியின் முதல் நான்கு பாண்ட் படங்களைத் தொகுத்த பீட்டர் ஹன்ட் இயக்கிய ஒரே பாண்ட் படம் இது. ஆல்ப்ஸ் மலையுச்சியிலிருந்து தப்பிவரும் பாண்ட், அடிவாரத்து ஊரின் கிறிஸ்துமஸ் கூட்டத்தில், பனிச்சறுக்குத் திடலின் ஓரம், கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஓட இடமின்றிக் களைத்து உட்கார்ந்திருக்கிறான். அப்போது அவன் முன்னே ஒரு ஜோடிச் சறுக்குக் காலணிகள் வந்து நிற்கின்றன, நிமிர்ந்தால் டயானா ரிக் நடித்த ட்ரேசி. பாண்ட் உண்மையாகவே அஞ்சுவதையும், ஒரு பெண் அவனைக் காப்பாற்றுவதையும் இவ்வளவு நிதானமாகக் காட்டிய படம் இத்தொடரில் வேறில்லை.

கேள்வி: 'நெவர் சே நெவர் அகெய்ன்' படத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பதில்: அது இந்த 25 படங்களையும் தயாரித்த இயான் (Eon) நிறுவனத்தின் தயாரிப்பு அன்று, 25 என்ற கணக்கில் சேராது.

கேள்வி: 'ஆன் ஹர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தில் பாண்டாக வந்த ஜார்ஜ் லேசன்பிக்குப் பதிலாகக் கானரி நடித்திருந்தால் அல்லவா அது தலைசிறந்த படமாகியிருக்கும்?

பதில்: இதே கேள்வியைப் பலரும் அனுப்பியிருப்பதால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். நடிகரின் தகுதியையும் படத்தின் தகுதியையும் ஒன்றாக்காதீர்கள். கானரி மேலான நடிகர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எதற்கும் கலங்காதவன் என்று நான்கைந்து படங்களில் நம் மனத்தில் பதிந்துவிட்ட அந்த முகம், சறுக்குத் திடலில் அச்சம் காட்டினால் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? விளம்பர மாடலாக இருந்து வந்த லேசன்பியின் பழகாத தன்மையே அங்கே துணை நிற்கிறது. மணமான அன்றே சுடப்பட்ட மனைவியை மடியில் தாங்கியபடி, அவள் ஓய்வெடுக்கிறாள் என்று காவலரிடம் அவர் சொல்லும் இறுதிக் காட்சியில் மிகை நடிப்பு ஓரிடத்திலும் இல்லை.

கேள்வி: 'ஆக்டோபுசி' நம் நாட்டில் எடுத்த படமாயிற்றே?

பதில்: உதய்ப்பூரும் சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜும் நமக்குப் பெருமைதான், தரவரிசையில் அதற்கு இடமில்லை.

கேள்வி: புதியவர் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: 1963-இன் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்திலிருந்து. கானரியும் ராபர்ட் ஷாவும் ரயில் பெட்டிக்குள் மோதும் சண்டையில், விளக்கு உடைந்தபின் நீல வெளிச்சமும் ரயிலின் இரைச்சலும்தான். பின்னணி இசை கிடையாது. தயவுசெய்து துண்டுக் காட்சிகளாகப் பார்க்காதீர்கள். அதற்கு முன்பு நெடுநேரம் ஷா பேசாமல் பின்தொடர்வதைப் பார்த்தவருக்கே அந்தச் சண்டையின் கனம் புரியும்.

கேள்வி: 'கேசினோ ராயல்'?

பதில்: 2006-இல் வந்தது, என் வரிசையில் இரண்டாவது. அதிலும் காதலை இழக்கிறான்.

கேள்வி: லேசன்பியை நீங்கள் தூக்கிவைத்துப் பேசுகிறீர்கள். கானரியால் அந்தத் துயரத்தைக் காட்டியிருக்க முடியாதா?

பதில்: மறுபடியும் நடிகரிடமே வருகிறீர்கள். 1971-இல் 'டைமண்ட்ஸ் ஆர் ஃபார் எவர்' படத்துக்குக் கானரி திரும்பி வந்தார். மனைவியை இழந்தவன் என்ற சாயலே அந்தப் பாண்டிடம் இல்லை. அது திரைக்கதையின் குறை, அவருடைய குறை அன்று. இரண்டு படங்களையும் அடுத்தடுத்து முழுமையாகப் பார்த்துவிட்டு எழுதுங்கள், தொடர்ந்து பேசலாம்.