டப்பா கட்டி மிச்சம் பிடித்த பணம் எங்கே போகிறது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மண்ணடியில் ஒரு ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். தினமும் ஆப்பில் சாப்பாடு வரவழைத்ததை நிறுத்திவிட்டு, இரண்டு மாதமாக வீட்டிலிருந்தே டப்பா கட்டுகிறேன். ஆனாலும் கையில் எதுவும் நிற்கவில்லை, பயமாக இருக்கிறது. மிச்சத்தை மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் கட்டும் எஸ்.ஐ.பி.யில் போடவா, ஆப்பில் வாங்கும் டிஜிட்டல் கோல்டிலா? தம்பிக்கு போன் வாங்கிய வகையில் கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய் பாக்கி. கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, அதாவது மினிமம் டியூ, மாதம் 3,000 தவறாமல் கட்டுகிறேன். மளிகையும் அதே கார்டில்தான்.

பதில்: ஆப்பில் ஒரு சாப்பாடு எல்லாம் சேர்த்து 190 என்று வையுங்கள். வீட்டுச் சாப்பாடு 45. மாதம் 24 நாளைக்குக் கிட்டத்தட்ட 3,500 மிச்சம். காலையில் எழுந்து சாதம் வடித்து, ராத்திரி வைத்த காரக்குழம்பைச் சுடவைத்துக் கட்டிக்கொண்டு போவது சின்ன வேலை இல்லை. அந்த உழைப்பைத்தான் கார்டு தின்கிறது.

பாக்கி 60,000-க்கு மாதம் மூன்றரை வட்டி என்றால் 2,100. அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 2,500-ஐத் தொடும். நீங்கள் கட்டும் 3,000-ல் அசலுக்குப் போவது 500 தான். அதைவிட மோசம், பாக்கி வைத்திருக்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கு வட்டியில்லாத நாட்களே கிடையாது. டப்பாவில் இருக்கும் அரிசிக்கே வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

வருடத்துக்கு 42% வட்டி கட்டுகிறவர் எந்த ஃபண்டில் போட்டு அதை ஈடுகட்டுவார்? எஸ்.ஐ.பி. அப்புறம். டிஜிட்டல் கோல்டு வேண்டவே வேண்டாம். அது தன் கட்டுப்பாட்டில் வராது என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே எச்சரித்துவிட்டது.

வீட்டில் நகை இருந்தால் பேங்கில் வைத்து கார்டு பாக்கியை ஒரே அடியாக அடைத்துவிடுங்கள். வருடத்துக்கு 10% வட்டி என்றாலும் மாதம் 500 தான். அசலை அவ்வப்போது கட்ட முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கார்டுக்குக் கட்டிய 3,000, சாப்பாட்டில் மிஞ்சும் 3,500 இரண்டையும் அதில் போட்டால் பத்து மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். பாக்கியை இ.எம்.ஐ. ஆக்கித் தருகிறோம் என்று கார்டு கம்பெனியிலிருந்து போன் வரும். பிராசசிங் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடாமல் சரி என்று சொல்லிவிடாதீர்கள். மளிகைக்கு இனி ரொக்கம் அல்லது ஜி.பே.

தம்பியிடம் கேட்கக் கூச்சமாக இருக்கலாம். வட்டிக் கணக்கு வரும் ஸ்டேட்மென்ட்டை அவருக்கு அனுப்பிவிட்டு, சம்பளம் வந்ததும் மாதம் 2,000 கொடுக்கச் சொல்லுங்கள். போனை வைத்திருப்பவர் அவர்தானே.