இணையக் கடை: காசு, சரக்கு, முகவரி பற்றிச் சில கேள்விகள்

சிங்கப்பூரில் இணைய வணிகம் தொடங்கியவர்களும் தொடங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஈசூனில் வீட்டிலிருந்தே சேலை விற்கிறேன், தம்பி. எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். இணையத்தளம் கட்டாயம் வேண்டுமா?

வேண்டாம், அக்கா. மாதம் இருபது முப்பது சேலை என்றால் வாட்ஸ்அப்பும் ஓர் எக்செல் தாளும் போதும். ஆனால் அந்தத் தாளை ஒழுங்காக வையுங்கள். ஒவ்வோர் ஆர்டருக்கும் ஓர் எண், பக்கத்தில் அதன் நிலை: காசு வரவில்லை, காசு வந்தது, அனுப்பியாச்சு, திரும்பி வந்தது. விற்ற விலையையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பட்டியல் விலை அடுத்த வாரம் மாறலாம், பழைய ஆர்டரில் உள்ள விலை மாறக்கூடாது. பின்னாளில் தளம் கட்டினால் தரவுத்தளத்தில் முதலில் வரப்போவது இந்தத் தாள்தான். நிறமும் படமும் அப்புறம்.

தொழிலுக்குத் தனிப் பெயர் வைத்தால் நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிய வேண்டும்: பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே நடத்தினால் பதிவு தேவையில்லை.

வங்கிக்கு வங்கி உடனே காசு அனுப்பும் பேநவ்வில் கட்டிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார்கள். நம்பலாமா?

கூடாது. படத்தைத் திருத்த இரண்டு நிமிடம் போதும். வங்கிக் கணக்கில் காசு வந்ததைப் பார்த்த பிறகே பொட்டலம் கட்டுங்கள். நிறுவனங்களுக்கான பேநவ் 2018 முதல் இருக்கிறது. தொகையும் ஆர்டர் எண்ணும் உள்ளேயே பதிந்த கியூஆர் குறியீட்டை ஆர்டருக்கு ஒன்றாக உருவாக்கலாம். எந்தக் காசு யாருடையது என்று தேட வேண்டியிருக்காது.

பாலிடெக்னிக் மாணவன். என் திட்டப்பணிக் கடையில், கார்டில் கட்டியவர் 'நன்றி' பக்கத்துக்கு வந்ததும் 'காசு வந்தது' என்று மாற்றுகிறேன். ஆசிரியர் தப்பு என்கிறார். ஏன், அண்ணா?

ஆசிரியர் சொல்வது சரி. அந்தப் பக்கத்தின் முகவரியை நேராகத் தட்டுகிறவனுக்குப் பொருள் இலவசமாகப் போய்விடும். இன்னொருவர் எம்ஆர்டி ரயிலில் காசு கட்டுகிறார், சுரங்கத்தில் இணைப்பு அறுந்துபோகிறது. காசு போயிற்று, ஆர்டர் இல்லை. வாங்குபவரின் உலாவி சொல்வது எதுவும் சாட்சி ஆகாது.

கட்டண நிறுவனத்தின் சர்வர் உங்கள் சர்வருக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும். இதை வெப்ஹூக் என்பார்கள். அது உண்மையில் அவர்கள் அனுப்பியதுதான் என்று காட்டும் மின்கையொப்பத்தைச் சரிபாருங்கள், தொகை ஆர்டரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், பிறகு நிலையை மாற்றுங்கள். ஒரே செய்தி இரண்டு முறை வருவதும் உண்டு. இரண்டாம் முறை எதுவும் நடக்கக்கூடாது, இல்லாவிட்டால் ஒரு காசுக்கு இரண்டு பொட்டலம் போகும். கார்டு எண்ணை உங்கள் பக்கம் சேமிக்கவே வேண்டாம். விலையைச் சென்ட் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள். தசமத்தில் வைத்தால் கணினிக்கு 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால்கூடச் சரியாக 0.3 வராது.

தேக்காவில் துணிக்கடை. கடையிலும் இணையத்திலும் விற்கிறோம். தீபாவளி நேரத்தில் ஒரே சேலை இரண்டு பேருக்கு விற்றுப்போகிறது.

இருப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்து, பிறகு கழிக்கும்படி நிரல் எழுதியிருப்பார்கள். அந்த இடைவெளியில் இன்னொருவர் புகுந்துவிடுகிறார். 'இருப்பு ஒன்றாவது இருந்தால் மட்டும் ஒன்றைக் கழி' என்று ஒரே கட்டளையாகத் தரவுத்தளத்திடம் சொல்லச் சொல்லுங்கள். கழிக்க முடியாவிட்டால் 'தீர்ந்துவிட்டது' என்று காட்டலாம்.

எப்போது கழிப்பது என்பதுதான் சிக்கல். கூடையில் போட்டதுமே கழித்தால், வாங்காதவர்கள் சரக்கைப் பிடித்து வைத்திருப்பார்கள். காசு வந்த பிறகு கழித்தால், சிலருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டிவரும். 'பணம் செலுத்து' பொத்தானை அழுத்தும்போது கழித்து, கால் மணி நேரத்தில் காசு வராவிட்டால் திரும்பச் சேர்ப்பது என் வழக்கம். கல்லாவும் அதே கணக்கில் கழிக்க வேண்டும். அது முடியாத கடை என்றால், ஒற்றைச் சேலைகளைப் பண்டிகை முடியும்வரை இணையத்தில் போடாதீர்கள்.

ஜிஎஸ்டி சேர்க்கணுமா?

வரிக்கு உட்பட்ட ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டினால் பதிவு கட்டாயம். பதியாதவர்கள் 9% என்று பில்லில் போடக்கூடாது.

ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். பகுதி நேரமாகச் செய்யலாமா?

முடியாது, தம்பி. அனுமதியில் உள்ள முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம், சொந்தத் தொழிலும் கூடாது. கற்றுக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை.

ஷாப்பி, லசாடா இருக்கும்போது சொந்தத் தளம் எதற்கு?

ஆள் கூட்டம் அங்கேதான், அங்கே தொடங்குவதில் தப்பில்லை. ஆனால் காசு முதலில் அவர்கள் கையில்தான் சேர்கிறது. 2024-இல் கியூ10 என்ற இணையச் சந்தையின் விற்பனையாளர்களுக்குப் பணம் தாமதமானபோது, செப்டம்பரில் நாணய ஆணையம் அதன் கட்டணச் சேவையை நிறுத்தச் சொன்னது. உங்கள் காசை அங்கேயே சேரவிடாமல் அவ்வப்போது எடுத்துவிடுங்கள்.

முகவரிப் படிவத்தில் என்னென்ன கேட்கலாம்?

ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டை முதலில் கேளுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) புளோக் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு இருப்பதால் புளோக்கையும் தெருவையும் நீங்களே நிரப்பிவிடலாம். மாடி, வீட்டு எண்ணுக்குத் தனிக் கட்டம் வையுங்கள். குறியீட்டை எண்ணாகச் சேமிக்காதீர்கள். மரினா பே பக்கம் 0-வில் தொடங்கும், அந்தச் சுழியம் காணாமல் போகும். அடையாள அட்டை எண் சேலை வாங்குபவரிடம் கேட்கிற விஷயமே இல்லை.