நாய்க்கு வருவதெல்லாம் வலிப்புதானா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் அருகே தோட்டத்தில் குடியிருக்கிறோம். எங்கள் லாப்ரடார் நாய்க்கு மூன்று வயதாகிறது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டுத் துள்ளி ஓடுபவன், சில நாட்களில் பாதி வழியிலேயே முதுகு வளைந்து, ஒரு பின்னங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, உடல் நடுங்க நின்றுவிடுகிறான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறான், வாலையும் ஆட்டுகிறான். பத்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காததுபோல் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விடுகிறான். நான்கு மாதங்களாக வலிப்பு மாத்திரை கொடுத்தும் குறையவில்லை. நிறுத்திவிடலாமா? கையில் இரும்பு கொடுப்பதுபோல், காலடியில் சாவிக்கொத்தை வைக்கச் சொல்கிறார்கள் பக்கத்துத் தோட்டத்தார்.

பதில்: சகோதரி, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஃபீனோபார்பிட்டோன் போன்ற மருந்துகளைத் திடீரென நிறுத்தினால், இதுவரை வராத உண்மையான வலிப்பே வந்துவிடக்கூடும். இரும்பு எவ்விதத்திலும் உதவாது.

உங்கள் கடிதத்தில் என் கவனத்தை இழுத்தது, அழைத்தால் அவன் திரும்பிப் பார்க்கிறான் என்ற வரிதான். உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பில் நாய்க்கு நினைவு இருக்காது; பெரும்பாலும் வாயில் எச்சில் ஒழுகும், தன்னையறியாமல் சிறுநீர் பிரியும், ஓரிரு நிமிடங்களில் இழுப்பு நின்ற பிறகும் வெகுநேரம் திசை தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு திரியும். உங்கள் நாயிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. நினைவு தவறாமல், தசைகள் மட்டும் தம் கட்டுப்பாட்டை இழந்து முறுக்கிக்கொள்ளும் இந்நிலையை ‘பராக்சிஸ்மல் டிஸ்கைனீசியா’ என்பார்கள். லாப்ரடார், ஜாக் ரஸ்ஸல் டெரியர், பார்டர் டெரியர் போன்ற இனங்களில் இது அறியப்பட்ட ஒன்று. திடுக்கிடுவதும் அளவு மீறிய உற்சாகமும் இதைத் தூண்டக்கூடும் என்பதால், வண்டிச் சத்தத்தை நீங்கள் குறிப்பிட்டிருப்பது மிகவும் பயனுள்ளது. ஆனாலும் கடிதத்தை வைத்து நான் முடிவு கட்டிவிட முடியாது. லாப்ரடார்களுக்கே பரம்பரையாக வரும் இன்னொரு கோளாறில், கடுமையாக ஓடியாடிய பின் பின்னங்கால்கள் தொய்ந்து விழும். அங்கே விறைப்புக்குப் பதில் தளர்ச்சிதான் தெரியும். டிஸ்டெம்பர் காய்ச்சலில் பிழைத்த நாய்க்குத் தூக்கத்தில்கூட ஒரே தாளத்தில் தசை துடித்துக்கொண்டிருக்கும். தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்த நாளில் நடுக்கம் கண்டால், காத்திராமல் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

அடுத்த முறை வரும்போது கைப்பேசியில் முழுவதும் படம் எடுங்கள். முகமும் கால்களும் ஒன்றாகத் தெரியட்டும். நடுவே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மருத்துவமனை மேசையில் நாய் நல்லபடியாகவே நிற்கும் என்பதால், மருத்துவருக்கு அந்தப் படத்தைவிடச் சிறந்த சான்று கிடையாது. அதை உங்கள் மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். பாவம், அவர் அந்நிகழ்வை நேரில் பார்க்க வாய்ப்பே இருந்திருக்காது. மேற்கொண்டு பரிசோதனை வேண்டுமென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அவரே கடிதம் தருவார்.

உணவையும் கவனிக்க வேண்டும். பார்டர் டெரியர்களில் கோதுமை, பார்லி போன்ற தானியங்களிலுள்ள க்ளூட்டன் என்ற புரதத்துக்கு உடல் காட்டும் எதிர்ப்பே இந்த முறுக்கத்துக்குக் காரணமாக இருப்பதும், அதை விலக்கினால் பல நாய்கள் தேறுவதும் கண்டறியப்பட்டுள்ளன. லாப்ரடாருக்கும் அப்படியே பலிக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவரின் ஒப்புதலோடு சில மாதங்கள் முயன்று பார்ப்பதில் கெடுதல் இல்லை. அரிசிச் சோறு, கம்பு, ராகி, கோழிக்கறி ஆகியவற்றில் க்ளூட்டன் கிடையாது. சப்பாத்தி, பன், வர்க்கி, குழந்தைகள் ஆசையாக நீட்டும் பிஸ்கட் அனைத்தையும் வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து நிறுத்தினால்தான் பலன் தெரியும். கடைத் தீவனமாக இருந்தால் பையின் பின்பக்கம் கோதுமை, பார்லி உண்டா என்று படித்துப் பாருங்கள்.

விறைப்பு வந்த நேரத்தில் கிணற்று மேட்டிலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் அவனை விலக்கி, பக்கத்தில் அமர்ந்து அமைதியாகப் பேசுங்கள். வாய்க்குள் கை வைக்காதீர்கள். நினைவு தப்பி, இழுப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ ஒரே நாளில் மீண்டும் மீண்டும் வந்தாலோ, இரவென்றும் பாராமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.