அம்மாவின் கட்டில் ஏன் மூலைக்குப் போனது?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அவருடைய அம்மாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். காலில் வந்த புண் ஆறாததால் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருந்திருக்கிறார். சீழ் எடுத்துச் சோதித்த மூன்றாம் நாள் கட்டிலை வார்ட்டின் மூலைக்கு நகர்த்தினார்கள். மிஸ்ஸிமார் கையுறையும் ஏப்ரனும் போட்டுக்கொண்டே கிட்ட வந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்களிடமும் சாம்பிள் எடுத்தார்கள். “அம்மா அவமானத்தில் அழுதுவிட்டார். ரிப்போர்ட்டை யாரிடமும் காட்டாதே என்கிறார். அதில் ‘கிளெப்சியெல்லா, ஈ.எஸ்.பி.எல்.’ என்று எழுதி, கீழே வரிசையாக ‘ஆர்’ போட்டிருக்கிறது. லயத்தில் அவரோடு ஒரே காம்பராவில் என் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொற்றுமா?”

முதலில் பிள்ளைகள். அவர்கள் அம்மம்மாவின் மடியில் படுக்கலாம், கட்டிப்பிடிக்கலாம், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். சுகமாக இருக்கிற பிள்ளைக்கு இந்தக் கிளெப்சியெல்லா என்ற கிருமியால் நோய் வருவது அரிது. வீட்டில் செய்ய வேண்டிய சில காரியங்கள் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது அந்த ரிப்போர்ட். ஆய்வுகூடத்துக்கு வரும் சீழை ஒரு தட்டில் பரப்பி, ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ் சூட்டில் ஓர் இரவு வைப்போம். வளர்ந்த கிருமியை எடுத்து இன்னொரு தட்டு முழுவதும் பூசி, மருந்து ஊறிய சின்னக் கடதாசி வட்டங்களை அதன்மேல் வைப்போம். மறுநாள் பார்த்தால், வேலை செய்யும் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத வெறும் வளையம் தெரியும். அதை மில்லிமீற்றரில் அளந்துதான் எழுத்துப் போடுகிறோம். மூன்று நாள் காத்திருக்க வைத்ததற்குக் காரணம் இதுதான். ‘எஸ்’ என்றால் வழமையான அளவு மருந்துக்கே கிருமி அடங்கும். ‘ஆர்’ என்றால் அடங்காது. நடுவில் வரும் ‘ஐ’ பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம். மருந்தின் அளவைக் கூட்டிப் பார்ப்பதா, வேறு மருந்துக்குப் போவதா என்று டொக்டர் முடிவெடுக்கும் இடம் அது.

‘ஆர்’ என்றதும் அம்மாவின் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பழகியது கிருமி. ஈ.எஸ்.பி.எல். என்பது அந்தக் கிருமி சுரக்கும் ஒரு நொதி. பென்சிலின் வகைகளையும், வார்ட்டில் அதிகம் போடும் செஃப்ட்ரையாக்சோன் போன்ற ஊசிகளையும் அது உடைத்துப் போட்டுவிடும். நொதியைச் செய்யும் மரபணுவைப் பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். எனக்கு இதில் மிகவும் கவலை தருவது இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

அதனால்தான் எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று ஆய்வுகூடத்தில் நாங்கள் கணக்கு வைக்கிறோம். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் கணினியில் ஏறுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் இலவசமாகத் தரும் ஹூநெட் என்ற மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. அம்மாவிடம் நான்கு தடவை சீழ் எடுத்து ஒரே கிருமி வந்தாலும், வருடக் கணக்கில் முதல் தடவை மட்டும்தான் சேரும். இல்லாவிட்டால், நீண்ட நாள் படுத்திருக்கும் ஒரே நோயாளி மொத்த ஆஸ்பத்திரியையும் மோசமாகக் காட்டிவிடுவார். ஒரு கிருமி இனத்தில் 30 நோயாளிகளுடைய முடிவாவது சேராமல் சதவீதம் போடுவதும் சரியில்லை. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான், ரிப்போர்ட் வரும்வரை எந்த மருந்தில் தொடங்குவது என்று டொக்டர்மார் தீர்மானிக்கிறார்கள்.

வருடக் கணக்கு ஒரு பக்கம் இருக்க, அன்றாடம் துரத்திப் பிடிக்கும் வேலையும் உண்டு. ஒரே வார்ட்டில் இரண்டு பேருக்கு ஒரே கிருமி, ஒரே ‘ஆர்’ வரிசை வந்தால் சந்தேகம் வரும். யார் எந்தத் திகதியில் எந்தக் கட்டிலில் இருந்தார், யாருக்குப் புண் கட்டிய பிறகு யாருக்குக் கட்டினார்கள் என்று பார்ப்போம். பெரும்பாலும் கிருமி பயணம் செய்வது கைகளில்தான். பக்கத்துக் கட்டில்களில் சாம்பிள் எடுத்ததும் கையுறை போட்டதும் இதற்காகத்தான். அந்தக் கையுறை அடுத்த கட்டிலில் இருப்பவரைக் காப்பதற்கு. அம்மாவிடம் இதை ஒருவர் உட்கார்ந்து, தமிழில், இரண்டு நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது பிழை. அவர் அழுததில் ஒரு தப்பும் இல்லை.

2011இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் அம்மாவிடம் இருப்பதைவிட மிகக் கடுமையான கிளெப்சியெல்லா ஒன்றுடன் ஜூன் மாதம் ஒரு நோயாளி வந்தார். வரும்போதே விஷயம் தெரிந்ததால் தனியாக வைத்துக் கவனித்தார்கள். ஜூலையில் வீட்டுக்கும் போய்விட்டார். மூன்று வாரம் கழித்து வேறொருவரிடம் அதே கிருமி தெரிந்தது. கடைசியில் 18 பேர். அவர்களில் 11 பேர் இறந்தார்கள், 6 பேருடைய மரணத்துக்குக் காரணம் இந்தத் தொற்றே. கிருமிகளின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்து ஒப்பிட்டபோது, எல்லாம் அந்த முதல் நோயாளியிடமிருந்து வந்தவை என்று தெரிந்தது. சிலர் எந்த அறிகுறியும் இல்லாமல் பல நாள் கிருமியைச் சுமந்திருக்கிறார்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தும் அங்கே இப்படி. தெரியாமலே ஒருவர் வார்ட்டுக்குள் வந்தால்?

நம் மலையகத்தில் ஒரு நோயாளி தோட்ட மருந்தகத்துக்குப் போவார், அங்கிருந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து கண்டிக்கு. இடையில் டவுன் பார்மசியில் நாலு கப்சூல். இத்தனை இடத்துக்கும் பொதுவாக இருப்பது நோயாளியின் கையில் உள்ள காகிதம் மட்டும்தான். அதனால் அந்த ரிப்போர்ட்டை மறைக்காதீர்கள். டயக்னோசிஸ் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். ஆங்கிலத்தில் இருப்பதால் எந்த டொக்டரும் வாசித்துவிடுவார். அம்மாவுக்கும் இதனால் நன்மை: அடுத்த முறை காய்ச்சலோடு போனால், கேட்காத மருந்தில் மூன்று நாளை வீணாக்காமல் சரியான ஊசியில் தொடங்கலாம்.

சரி, வீட்டுக்கு வருவோம். புண்ணை மூடியே வையுங்கள். கட்டு மாற்றுமுன்னும் மாற்றிய பின்னும் சவர்க்காரம் போட்டு 40 முதல் 60 விநாடி கை கழுவுங்கள். பழைய துணியை உறையில் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் போடுங்கள். அம்மாவுக்குத் தனித் துவாய் போதும், தனித் தட்டு வேண்டாம். இந்தக் கிருமி குடலில் மாதக் கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் தங்கும். ஆகவே கக்கூசுக்குப் போய் வந்த பிறகும், சமைக்குமுன்னும் எல்லாரும் கை கழுவ வேண்டும். பல வீட்டுக்கு ஒரு பீலி, ஒரு கக்கூஸ் என்றால் அங்கேயே ஒரு சவர்க்காரத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். புண் ஆறிவிட்டால் குடலில் உள்ள கிருமியைத் துரத்த மருந்து குடிக்கத் தேவையில்லை. அம்மாவின் மருந்தில் மிச்சம் இருந்தால் பிள்ளையின் இருமலுக்குக் கொடுக்கவே கூடாது.

புண்ணைச் சுற்றிச் சிவந்தால், நாற்றம் வந்தால், கால் கறுத்தால், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள். துண்டு வெட்டும் இடத்திலேயே, “அம்மாவுக்கு ஈ.எஸ்.பி.எல். இருந்தது, ரிப்போர்ட் இதோ” என்று கொப்பியைத் திறந்து காட்டுங்கள்.